மூணு பேர், ரெண்டு ரூம், ஒரு குக்கர்

நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் பேச்சுலர் வாழ்க்கை வாழக் கிடைப்பது வங்கிக்காரர்களுக்கென்றே வாய்த்த வரம். புரமோஷன் வரும், கையோடு டிரான்ஸ்பரும் வரும். பையன் பத்தாவது, பெண் பிளஸ் டூ என்று குடும்பம் ஊரிலேயே இருந்துவிடும். நாம் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ வந்து, நம்மைப் போலவே வந்து சேர்ந்த இரண்டு பேரோடு ஒரு ஃப்ளாட்டைப் பங்கு போட்டுக்கொள்வோம். வாடகை மூன்றாகப் பிரியும். கேஸ், கரண்ட், வேலைக்கார அம்மாவின் சம்பளம் எல்லாம் மூன்றாகப் பிரியும். பிரியாதது ஒன்றே ஒன்றுதான். சத்தம். அது மூன்று பேருக்கும் முழுசாகவே கிடைக்கும் :-)

பெங்களூரிலும் புனேயிலும் நாலு பையன்கள், மூணு பெண்கள் என்று சேர்ந்து தங்கியிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஊரிலிருந்து அம்மா போனில் "சாப்பாடு எப்படி, தண்ணி எப்படி" என்று கேட்பார். "ராத்திரி தூங்க விடறாங்களா" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சேர்ந்து தங்கியவர்கள் முகம் திருப்பிக்கொண்டு பிரிந்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள். காசுக்காகப் பிரிந்தவர்களைவிட, அலாரத்துக்கும் குக்கருக்கும் போன் பேச்சுக்கும் பிரிந்தவர்கள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஆள் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. கடன் பிரிவில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியும் நானும் ஒரு அறையில். இன்னொரு அறையில் ஒடிசாக்காரர் ஒருவர். அவருக்கு ஐ.டி. பிரிவு, பேலாப்பூர் டேட்டா சென்டரில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. நாங்கள் எழும்போது அவர் படுப்பார், நாங்கள் படுக்கும்போது அவர் எழுவார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான்.

முதல் இரண்டு மாதம் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லப்போவதில்லை. சேர்ந்து தங்கிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலை ஐந்து மணிக்கு மிக்ஸி, பதிலுக்கு இரவு பதினொரு மணிக்கு டீவி. படார் என்று சாத்தப்படும் கதவு. ஃபிரிட்ஜ் மேல் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிய சீட்டு. அப்புறம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு "குட் மார்னிங்" மட்டும் சொல்லிக்கொள்ளும் கட்டம். அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதுதான் விஷயம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. நான் பி.காம் படித்தவன், விஞ்ஞானி இல்லை. ஆனால் டெசிபல் என்பது கூட்டு வட்டி மாதிரி என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சாதாரணக் கூட்டல் இங்கே எடுபடாது. 60 டெசிபல் சத்தம் போடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் அதேபோல் இன்னொரு மிக்ஸியை ஓடவிட்டால் 120 ஆகாது, 63தான் ஆகும். பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் கேட்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்ததாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால், பத்தில் ஒன்பது பங்கு சக்தியை வெட்ட வேண்டும். அதனால்தான் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிச் சொல்லி ஒன்றும் நடப்பதில்லை. அவர் கொஞ்சம் குறைத்திருப்பார், நமக்குத் தெரிந்தே இருக்காது. அவருக்கு "குறைச்சேனே, இன்னும் என்ன?" என்று கோபம். நமக்கு "சொல்லியும் கேக்கலையே" என்று கோபம்.

எவ்வளவு இருக்கலாம்? நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமலும், திடீரென்று வந்து போகும் சத்தம் 45-ஐத் தாண்டாமலும் இருந்தால் நல்ல தூக்கம் வரும் என்றார்கள். மும்பையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 30 டெசிபலா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சட்டம் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும். ஒரே வீட்டுக்குள் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் வந்து நிற்க எந்தப் போலீசுக்கும் நேரமில்லை. அங்கே நாமேதான் விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

சாமான்களால் ஆவது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். செலவு குறைவு, பலன் நிச்சயம்.

குக்கர். மூணு விசில் வந்தால்தான் பருப்பு வேகும் என்று நம் வீடுகளில் ஒரு வேதம் உண்டு. பருப்பை வேகவைப்பது உள்ளே இருக்கும் அழுத்தமும் சூடும்தான், விசில் இல்லை. முதல் விசில் வரப்போகும்போது தீயைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம் விட்டால் பருப்பு வெந்துவிடும், கேஸும் மிச்சம். ராத்திரியே ஊறப்போட்டால் இன்னும் சுலபம்.

மிக்ஸி. அதன் சத்தத்தில் ஒரு பங்கு அதிர்வாகக் கடப்பா மேடை வழியாகச் சுவருக்குப் போகிறது. பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்து அடியில் போட்டால் பக்கத்து அறையில் வித்தியாசம் தெரியும். மிச்சத்துக்கு ஒரே மருந்து, நேரம் மாற்றுவது. சட்னியை ராத்திரி எட்டு மணிக்கே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். இட்லி மாவுக்குச் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பஞ்சமில்லை.

தண்ணீர். எங்கள் கட்டடத்தில் குழாயில் தண்ணீர் வருவது காலை ஐந்தரைக்கு. ஐந்தரைக்கு ஒருவர் எழுந்து டிரம்மை நிரப்பியே ஆக வேண்டும். மேலேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் அந்த நேரத்தில் குற்றால அருவிதான். ஒரு ரப்பர் குழாய் வாங்கி, அதன் முனை டிரம்மின் அடியைத் தொடும்படி விட்டோம். அருவி நின்றது. பாத்ரூமில் ஸ்டீல் பக்கெட் போய் பிளாஸ்டிக் வந்தது.

நாற்காலி, கட்டில், மேஜைக் கால்களுக்கு ரப்பர் புஷ். இது நமக்காக மட்டுமில்லை. கீழ் வீட்டுக்காரருக்கு நம் பேச்சு கேட்காவிட்டாலும் நாற்காலி இழுப்பது கேட்கும். மும்பையில் பேச்சுலர்களுக்கு வீடு கிடைப்பதே பாடு. சொசைட்டியில் இரண்டு புகார் போனால் பதினொரு மாத அக்ரிமெண்ட் அடுத்த தடவை புதுப்பிக்கப்படாது.

கதவு. இதுதான் எனக்கே ஆச்சரியம். சுவர் எவ்வளவு தடியாக இருந்தாலும், அதில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால் அது மொத்தமாகத் தடுக்கிற சத்தம் 20 டெசிபலுக்கு மேல் போகாது. ஓட்டை விழுந்த பக்கெட் எவ்வளவு உசத்தியான பக்கெட்டாக இருந்தால் என்ன? கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருக்கிறதே, அதுதான் அந்த ஓட்டை. ஹார்டுவேர் கடையில் கதவடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டை கிடைக்கும். கதவு படாரென்று அடிக்காமலிருக்கச் சட்டத்தில் இரண்டு துண்டு ஃபோம் டேப். கீச்சிடும் கீலுக்கு இரண்டு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் போகும்.

ஏமாறக் கூடாதது ஒன்று. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்பார்கள். வரும். மெத்து மெத்தென்ற சாமானும் திரைச்சீலையும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த அறையிலிருந்து வருகிற சத்தத்தைத் தடுக்கக் கனமும் வேண்டும், சந்து இல்லாமலும் இருக்க வேண்டும்.

தூங்குகிறவர் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. சீரான ஃபேன் சத்தம் சின்னச் சின்னச் சத்தங்களை மறைத்துவிடும். ஃபேன் ஓடாவிட்டால் தூக்கம் வராது என்று நம்மூரில் சொல்வதில் அர்த்தம் உண்டு. மருந்துக் கடை ஃபோம் பஞ்சைக் காதில் அப்படியே செருகினால் பலனில்லை. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். அலாரத்துக்குக் கையில் கட்டுகிற பட்டைகள் இருக்கின்றன. அதிர்ந்து எழுப்பும், பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தோம். வீடு முன்பைவிட அமைதியானது. ஆனால் மனசு அமைதியாகவில்லை. ஒடிசாக்காரர் அப்போதும் முகம் கொடுக்கவில்லை. ஏன் என்று ஒருநாள் அண்ணாச்சி நேராகவே கேட்டுவிட்டார். அவர் இந்தியில் சொன்னது இதுதான்: "நீங்கள் எப்போது என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போது தூங்குகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. சத்தம் வராத நேரத்திலும் இதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்."

இதைக் கேட்டபோது, எங்கோ படித்த ஒரு பரிசோதனை எனக்கு ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு உளவியல்காரர்கள். 1972-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். ஆட்களை உட்காரவைத்துப் பெரும் சத்தத்தைப் போட்டார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் வந்த சத்தம், சீரான இடைவெளியில் வந்த அதே சத்தத்தைவிட அதிகமாகப் பாதித்தது. இன்னொரு பரிசோதனையில் சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். அப்புறம் எல்லோருக்கும் பிழை திருத்துகிற வேலையும் புதிர்களும் கொடுத்தார்கள். பொத்தான் இருந்தவர்கள் பிழைகளை நன்றாகக் கண்டுபிடித்தார்கள், புதிரைச் சீக்கிரம் கைவிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பொத்தானை அழுத்தவே இல்லை! காதில் விழுந்த சத்தம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றேதான். நிறுத்த முடியும் என்ற நினைப்பு மட்டும்தான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் இல்லாமல் போனது அந்தப் பொத்தான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்புக்கு அப்புறம், இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, எங்கள் வங்கியின் மாதக் காலண்டரை ஹாலில் மாட்டினோம். ஒடிசாக்காரர் தன் ஷிப்டுகளைச் சிவப்பு மையில் எழுதினார், எப்போது தூங்குவார் என்பதோடு. அண்ணாச்சி நீல மையில் தன் நேரங்களை எழுதினார். மாதக் கடைசி, காலாண்டு முடிவு என்று வீடு திரும்ப நேரமாகும் நாட்களை நான் குறித்தேன். இவ்வளவுதான். காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மிக்ஸி. ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவதானால் அதுவும் காலண்டரில் ஏறும்.

இரண்டாவதுதான் பொத்தான். யாருக்கு எந்தச் சத்தம் தாங்கவில்லையோ, அவர் கதவிலோ சுவரிலோ இரண்டு தட்டுத் தட்டலாம். தட்டினால் அந்தச் சத்தம் உடனே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. மறுநாள் அதைப் பற்றிப் பேசக் கூடாது. தட்டியவரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

"நெனச்சப்பல்லாம் தட்ட ஆரம்பிச்சா என்ன பண்றது?" என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். நடந்தது நேர்மாறு. முதல் மாதத்தில் நாலைந்து தடவை தட்டு விழுந்தது. அதற்கப்புறம் மாதத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம். தட்டலாம் என்று ஆனபிறகு தட்டத் தோன்றவில்லை. "அவன் பாவம், இப்பதான் டிபன் பண்றான், முடிச்சிடுவான்" என்று திரும்பிப் படுத்துக்கொள்ள மனசு வந்தது.

இந்த ஏற்பாட்டில் வங்கிக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு லாபம் உண்டு. சேர்ந்து தங்குகிறவர்களில் ஒருவர் சீப் மேனேஜர், இன்னொருவர் நேற்றுப் புரமோஷன் வாங்கிய மேனேஜர் என்றால், சின்னவர் பெரியவரிடம் "சார், டீவியைக் குறைங்க" என்று எந்த ஜென்மத்திலும் சொல்ல மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் இருப்பார், அப்புறம் வேறு வீடு பார்ப்பார். தட்டுக்கு ஸ்கேலும் கிடையாது, சீனியாரிட்டியும் கிடையாது. பிள்ளைகளின் வீட்டிலும் இப்படித்தான். முதலில் குடிவந்தவன் வீட்டுக்காரன் மாதிரி, கடைசியில் வந்தவன் விருந்தாளி மாதிரி இருப்பான். விருந்தாளி வாயைத் திறக்க மாட்டான். அவனுக்குத்தான் இந்தப் பொத்தான் முதலில் வேண்டும்.

வாயால் சொல்ல வேண்டியது வந்தால், ராத்திரியில் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்ட கோபத்தில் வருகிற வார்த்தை மறுநாளும் நிற்கும். காலையில் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். ஆளைப் பற்றிச் சொல்லாமல் சாமானையும் நேரத்தையும் சொல்லுங்கள். "நீங்க ரொம்பச் சத்தம் போடறீங்க" என்றால் சண்டை. "சார், அயர்ன் டேபிளை ஹால்ல போட்டுக்கலாமா?" என்றால் வேலை முடிந்தது. மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்பவே கூடாது.

எல்லாச் சத்தத்தையும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. அண்ணாச்சியின் பெண் பிளஸ் டூ. டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, அவள் அப்பாவிடம் பேச உட்காரும்போது மணி பத்தரை ஆகிவிடும். அந்தப் பேச்சுதான் எங்கள் வீட்டின் பெரிய ராத்திரிச் சத்தம். அண்ணாச்சிக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. மும்பைக்கும் திருநெல்வேலிக்கும் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற குரலில்தான் பேசுவார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2010-ல் செய்த ஓர் ஆய்வில், போன் பேச்சின் ஒரு பக்கம் மட்டும் காதில் விழுந்தால், இரண்டு பக்கமும் விழுவதைவிடக் கவனம் அதிகம் சிதறுகிறது என்று கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்குமாம். அது நிஜம்தான். "அப்படியா சொன்னாவ? நீ என்ன சொன்ன?" என்று அவர் கேட்டுவிட்டு அமைதியானால், அந்தப் பெண் என்ன சொன்னாளோ என்று எனக்கும் தூக்கம் போய்விடும் :-)

அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்ல எங்களில் யாருக்கும் மனசில்லை. நாளெல்லாம் கடன் ஃபைலோடு மாரடித்துவிட்டு, அந்தப் பத்து நிமிஷம்தான் அவர் அப்பாவாக இருக்கிறார். அதனால் இடத்தை மாற்றினோம். சமையலறைக்கும் படுக்கையறைகளுக்கும் பொதுச் சுவர் கிடையாது. அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, பத்தரையிலிருந்து பதினொன்று வரை சமையலறை அவருடையது என்று காலண்டரிலேயே எழுதிவிட்டோம். அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் முன்னாலேயே சொம்பில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

இன்னொரு சத்தம் குறட்டை. அதுவும் அண்ணாச்சியுடையதுதான், பாவம். குறட்டை விடுகிறவரைத் தட்டி எழுப்பிப் பிரயோஜனமில்லை. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறையும். ஆனால் அவருடைய குறட்டையில் வேறொன்று இருந்தது. நடுவில் மூச்சே நின்றுபோன மாதிரி அமைதி, அப்புறம் திணறிக்கொண்டு ஒரு பெரிய இழுப்பு. பகலில் மீட்டிங்கில் தூங்கி விழுவார். காலையில் தலைவலி. இதைச் சத்தப் புகாராகச் சொல்லாமல், "அண்ணாச்சி, உங்க மூச்சு நடுநடுவுல நிக்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றோம். தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் அப்னியா என்று வந்தது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கிற விஷயம் அது. இப்போது முகத்தில் மாஸ்க்கோடு ஒரு மெஷின் ராத்திரி முழுக்க மெல்ல இரைகிறது. எனக்கும் நல்ல தூக்கம், அவருக்கும் நல்ல தூக்கம். ஒரே அறையில் தூங்குகிறவர் இல்லாவிட்டால் அது யார் காதிலும் விழுந்திருக்காது.

போன மாதம் ஒடிசாக்காரருக்குப் புவனேஸ்வருக்கு மாற்றல் வந்துவிட்டது. குடும்பத்தோடு சேரப் போகிறார், அவருக்குச் சந்தோஷம். கிளம்புகிற அன்று காலண்டரில் மிச்சமிருந்த நாட்களுக்கு எழுதியிருந்த சிவப்பு மையை எல்லாம் அவரே அடித்துவிட்டுப் போனார். அந்த அறைக்கு நாக்பூரிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார், முதல் தடவையாக வீட்டைவிட்டு வெளியே தங்கப் போகிறவர். அவருக்காக அண்ணாச்சி ஒரு புதுப் பேனா வாங்கி வைத்திருக்கிறார், பச்சை மை. சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே, சுவரில் எந்த இடத்தில் தட்டினால் எங்களுக்கு நன்றாகக் கேட்கும் என்று காட்டிவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.